ஐந்தாவது பெயர்

வெங்கடப்பன் செத்துப்போன சேதி, ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மத்திகிரியில் மகன் வீட்டில் உட்கார்ந்து அவர் டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது.

சேதியைக் கொண்டுவந்தது மகன் ஆனந்தராஜின் போன். நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். ஊர்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ வந்திருந்தது. ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கிரானைட் கல். மேலே, 'நாட்டுக்காகப் போருக்குப் போன ஒட்டேரிப்பட்டி வீரர்கள்' என்று இரண்டு வரி. அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து பெயர்கள். ஐந்தாவது, 'சிப்பாய் வெங்கடப்பன், 1971'. கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை கல்லை நட்டுப் பால் ஊற்றப்போவதாகவும் ஐந்து குடும்பத்தாரும் படையலோடு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. அதற்கும் கீழே கும்பிடும் கைகள், அழும் முகங்கள், ரோஜாப்பூக்கள். எப்போது அடக்கம் பண்ணினார்கள், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல மனுஷன், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர் என்று அறுபத்தேழு பேர் இரங்கல் தெரிவித்திருந்தார்கள்.

"நைனா, நீ செத்துட்டியாம்" என்றான் ஆனந்தராஜ்.

வெங்கடப்பன் போனை வாங்கி, ஆபரேஷன் செய்த கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பார்த்தார் என்றால் டீ ஆறிப்போகும் வரைக்கும் பார்த்தார். பிறகு, "எழுத்து நல்லா வெட்டியிருக்கான்" என்றார்.

சத்தம் கேட்டு மாடி வீட்டுக் கன்னடக்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்தாள். பன் தின்கிற பிணத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மருமகளும் சிரித்தாள். சிரிக்காதவள் அவர் பெண்டாட்டி சாந்தம்மா ஒருத்திதான். அவள் அடுப்படியிலிருந்து வந்து போட்டோவைப் பார்த்தாள், கழுத்துக் கயிற்றை ஒருமுறை தொட்டுக்கொண்டாள், பைக்குள் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அன்றைக்கே ஊருக்குப் போயாக வேண்டும் என்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. ஒட்டேரிப்பட்டி ஏரிக்கரையில் ஒரு பழைய கல் இருக்கிறது. முழங்கால் உயரம். ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் கத்தியுமாக ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் என்பார்கள். அவன் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் அவன் வேடியப்பன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரிக்கரைக்கு ஏரிக்கரை இப்படி ஒருவன் நிற்கிறான். இந்தக் கல் விஷயத்தில் ஊருக்கு இரண்டு கட்டுப்பாடுகள். செத்தவனுக்குத்தான் கல். கல்லில் இருப்பவன்மேல் பால் பட்டுவிட்டால் அவன் சாமி, அப்புறம் அவனுக்கு வீடும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. இது ஒன்று. பால் ஊற்றிய கல்லில் அதற்குப் பிறகு உளி படக் கூடாது, ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. இது இரண்டாவது. உளி பட்டால் ஏரி உடையும் என்று ஒரு பேச்சு. யாரும் பட வைத்துப் பார்த்ததில்லை.

தவறு நடந்த விதம் வேடிக்கையானது. ஆயுத பூஜைக்கு இந்தப் பக்கத்தில் எதற்குத்தான் பொட்டு வைக்கவில்லை. லேத் மெஷினுக்கு, பைக்குக்கு, கம்ப்யூட்டருக்கு, கம்பெனி கேட்டுக்கு. சாந்தம்மா வீட்டில் அரிவாள், கடப்பாரை, மகன் விட்டுப்போன டிரில்லிங் மெஷின், இவற்றோடு கோவேறு கழுதைக்கு முதுகு தேய்க்கிற ஒரு இரும்புச் சீப்பும் உண்டு. வெங்கடப்பன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ஒரே ஆயுதம் அதுதான். அந்தச் சீப்புக்குப் பின்னால், யூனிபாரத்தில் இருக்கும் அவருடைய போட்டோவைச் சாய்த்து வைத்துச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் வைத்து, விளக்கேற்றுவது அவளுடைய பழக்கம். இந்த வருஷம் கண் ஆபரேஷனுக்காக இரண்டு மாதமாக இருவரும் மத்திகிரியில் இருந்தார்கள். பூஜைக்கு மட்டும் சாந்தம்மா பஸ் ஏறி வந்து, வீட்டைக் கழுவி, எல்லாவற்றையும் வழக்கம்போலச் செய்துவிட்டு மறுநாள் திரும்பிவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து சுவாதி வந்தாள். கல்லை வைக்க முன்னால் நின்ற சின்னராஜின் பேத்தி, சரித்திரம் படிக்கிற பெண். போருக்குப் போனவர்களின் பெயர்களைத் திரட்டும் வேலை அவளுடையது. வெங்கடப்பன் வீடு பூட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தார் காட்டுக்கும் கம்பெனிக்கும் போயிருந்தார்கள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். சுவரோரத்தில் போட்டோ, வாடிய மாலை, நெற்றியில் சந்தனம், எரிந்து முடிந்த விளக்கு. திரும்பும் வழியில் உரக்கடை ஆஞ்சப்பனைக் கேட்டாள். அவர், ஆளைப் பார்த்தே இரண்டு மாதமாச்சு, ஏதோ ஆஸ்பத்திரி என்றார்கள் என்று சொல்லி வைத்தார். சுவாதி நோட்டில் வெங்கடப்பன் பெயரை எழுதி, பக்கத்தில் காலமானவர் என்பதற்கு ஒரு சிலுவைக்குறி போட்டாள்.

அந்த போட்டோ எடுத்தபோது வெங்கடப்பனுக்கு வயது பத்தொன்பது. அதுவரை அவர் சின்னராஜின் அப்பா பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், ஒரு நாள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் போய் நின்றார். மிருகம் என்றால் பயமில்லாதவர்கள் யார் என்று ஆபீசர் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னவன் முடிப்பதற்குள் இவர் கை தூக்கிவிட்டார். கை தூக்கியவர்கள் எல்லாம் கோவேறு கழுதைப் பிரிவுக்குப் போனார்கள்.

கழுதைக்குக் குளம்பில் நம்பர் உண்டு, பெயர் கிடையாது. தன்னிடம் வந்ததற்கு இவர் சின்னப்பொண்ணு என்று பெயர் வைத்தார். எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை மூண்டபோது இருவரும் காஷ்மீர் மலையில் இருந்தார்கள். பதினான்கு நாள் சண்டை. அந்தப் பதினான்கு நாளில் வெங்கடப்பன் ஒரு தடவைகூடத் துப்பாக்கியைச் சுடவில்லை. இடது காலில் இரண்டு விரல்கள் பனியில் செத்துக் கறுத்துப்போய் வெட்டி எடுக்கப்பட்டன. சின்னப்பொண்ணு எட்டாவது நாள் பாதை சரிந்து பள்ளத்தில் போனது. அந்த மலையில் இருந்த எல்லாருக்கும் கொடுத்த மெடலை இவருக்கும் கொடுத்தார்கள்.

பதினைந்து வருஷம் முடித்து ஊருக்கு வந்தார். ஊரில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களை 'மிலிட்டரி' என்று கூப்பிடுவது வழக்கம். இவருக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது, கூடவே ஒரு அடைமொழியோடு. கழுதை மிலிட்டரி. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்கூட அந்தப் பெயர்தான். அவர் கோபப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை. பிறகு போச்சம்பள்ளி எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் இருபத்தொன்பது வருஷம் செக்யூரிட்டியாக நின்றார். வருகிற வண்டி, போகிற வண்டி, நம்பர், நேரம். அங்கே எழுதிய லட்சக்கணக்கான எழுத்தில் தன் பெயர் ஷிப்டு முடிவில் ஒரு கையெழுத்தாக மட்டும்தான் வரும். சண்டையைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. யாராவது கேட்டால், குளிர் ஜாஸ்தி என்பார்.

ஆக, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் நாகரசம்பட்டியில் பஸ் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஒட்டேரிப்பட்டிக்குள் வந்தபோது, கடைத்தெருவில் நாலைந்து பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒருவர், போய்ட்டு வந்தாச்சா என்று விசாரித்தார். எங்கே போய்ட்டு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை சுவாதி வந்தாள். வாசலில் நின்றபடியே அழுதாள். வெங்கடப்பனுக்குத்தான் சங்கடமாக இருந்தது. பரவாயில்லைம்மா, செத்ததாக இருந்தால்தான் என்ன, ஒரு நாள் வரப்போவதுதானே என்று அவளைத் தேற்றினார். சாந்தம்மா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. மாலை போட்டது தன் தப்புத்தான், ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கருமாதி பண்ணுகிற படிப்பு எந்தக் காலேஜில் இருக்கிறது என்று கேட்டாள். சுவாதிக்கு இன்னும் அழுகை வந்தது.

மத்தியானம் சின்னராஜே ஆள் அனுப்பி வரச்சொன்னார். அவருக்கு அறுபத்தொன்பது வயது. வெங்கடப்பனைவிட ஆறு வயது சின்னவர், ஆனாலும் அவர் வெங்கடப்பா என்பார், இவர் ஐயா என்பார், அது அப்படியே இருந்து வருகிறது. சின்னராஜுக்கு இந்தக் கல் சொந்த விஷயமும்கூட. நான்காவது பெயர் அவருடைய அண்ணன் சிவராஜுடையது. அதே எழுபத்தொன்றில், காஷ்மீர் பக்கம் வேறொரு மலையில் செத்தவர். உடம்பு வரவில்லை. ஒரு பெட்டியில் சட்டையும் வாட்சும் வந்தன.

சின்னராஜ் தன்மையாகத்தான் பேசினார். கல்லை இன்னும் நடவில்லை, அதனால் வழி இருக்கிறது. பட்டறையில் கல்லின் முகத்தை மெஷினில் தேய்த்து எழுத்தை எல்லாம் எடுத்துவிட்டு, புதிதாக நாலு பெயரை மட்டும் வெட்டச் சொல்லியாகிவிட்டது. வெங்கடப்பனுக்குப் பின்னாடி பார்த்துக்கொள்ளலாம். வெங்கடப்பன் தலையாட்டினார். சரிங்கய்யா என்றார். எழுபத்தைந்து வருஷமாக அவர் அந்த வாசலில் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் சாந்தம்மா அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் வியாழக்கிழமை அவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கும் அந்தக் கிரானைட் பட்டறைக்குப் போனார். பெயரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்பதற்கு மேல் அவருக்கு யோசனை ஒன்றும் இருக்கவில்லை. பட்டறை முழுக்க வெள்ளைத் தூசி. மெஷின் போடுகிற சந்தோஷ் என்பவன், கண்ணைத் தவிர எல்லாவற்றையும் துணியால் மூடியிருந்தான். கல்லைக் காட்டினான். படுக்க வைத்திருந்தது. எழுத்து வெட்டிய இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. கடைசியாகத்தான் தங்கக் கலர் பெயிண்டை நிரப்புவோம், அதுவரைக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கீறல்தான் என்று விளக்கினான் சந்தோஷ்.

வெங்கடப்பன் குனிந்து, விரலால் தன் பெயருக்குள் நடந்தார். கொம்பு, சுழி, புள்ளி. நாலாவது பெயருக்கும் இதற்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. எல்லா எழுத்தும் ஒரே அளவு. மேலே உள்ளவர்களுக்குப் பெரிதாகவும் இவருக்குச் சின்னதாகவும் சுவாதி போடவில்லை.

"யார் பேரு தாத்தா இது?"

"எம்பேரு."

சந்தோஷ் முகத் துணியை இறக்கிவிட்டு அவரை நன்றாகப் பார்த்தான். நாளைக்கு மத்தியானம் தேய்க்கப்போவதாகச் சொன்னான். அப்போதுதான் அவருக்கு அந்த இரண்டாவது கட்டுப்பாடு ஞாபகம் வந்தது. நட்டு, பால் ஊற்றிவிட்டால் இந்தக் கல்லில் உளி படாது. பின்னாடி என்று ஒன்று கிடையாது. இப்போது போனால் போனதுதான். இது எப்படி நேற்றைக்குத் தோன்றாமல் போனது என்று அவர் அந்தத் தூசியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தேய்க்காமல் வைக்க முடியுமா என்று கேட்டார். மெஷினுக்குப் பிளேடு மாற்ற வேண்டியிருக்கிறது என்று போனில் சொல்லிக்கொள்கிறேன் என்றான் சந்தோஷ்.

வீட்டில் பெரிய சண்டை நடந்தது. சண்டை என்றால் சாந்தம்மா பேசினாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் இருக்கவேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை வருஷத்தில் கத்தரிக்காய்க் குழம்பு வேண்டாம் என்றுகூட ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். அவளுக்குப் புரியவில்லை.

"உம்பேரு கல்லுல ஏறுச்சுன்னா எந்தாலி எங்க ஏறும்? அதச் சொல்லு மொதல்ல" என்றாள்.



ஞாயிற்றுக்கிழமை காலை பால் சொசைட்டி முன்னால் கூட்டம் போட்டார்கள். வெங்கடப்பன் பேச வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார் என்பதே ஊருக்குச் சேதியாக இருந்ததால் ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். சாந்தம்மா பெண்கள் பக்கம், பால் கேன்களுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் வந்ததே, புருஷன் ஏதாவது உளறினால் தடுப்பதற்கு.

சின்னராஜ் ஆரம்பித்தார். "நான் போட்ட வழக்கமா இது? உசுரோட இருக்கிறவன் பேர வெச்சுப் பாலு ஊத்துனா குடும்பத்துக்கு ஆவாது வெங்கடப்பா. உன் நல்லதுக்குத்தான் சொல்றது."

"சரிங்கய்யா" என்றார் வெங்கடப்பன். வழக்கம்போல அதோடு முடிந்தது என்று நினைத்து நாலு பேர் எழுந்தார்கள். "நான் செத்தப்பறம் வெட்டுவீங்களா?"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வெட்ட முடியாது என்பது அங்கே இருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சின்னராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்போது வேறு ஒரு கல் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"எனக்குன்னு ஒரு கல்லுங்களா?" என்று வெங்கடப்பன் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகத்தில் கேட்டார். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. சுவாதி குறுக்கே வந்து, கல்லில் இருக்கிற கிட்டப்பத் தாத்தா பர்மாவிலிருந்து திரும்பி வந்து தொண்ணூறு வயதில் கட்டிலில்தான் செத்தார், இது போரில் செத்தவர்களுக்கான கல் இல்லை, போனவர்களுக்கான கல் என்றாள். பெரியவர்கள் பேசும்போது என்று யாரோ அவளை அடக்கினார்கள்.

உரக்கடை ஆஞ்சப்பனுக்கு இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே அதிகம். "சிவராஜண்ணன் துப்பாக்கி புடிச்சாரு. இவரு கழுதை வாலப் புடிச்சாரு. வாலப் புடிச்சதுக்கெல்லாம் கல்லு வெக்கறதுன்னா, எங்கூட்ல வண்டி ஓட்டுன ஆளுங்களுக்கு வெக்க ஏரிக்கரையே பத்தாது."

நன்றாகச் சிரித்தார்கள். பழகிப்போன சிரிப்பு. வெங்கடப்பன் அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். கம்பெனி கேட்டில் லாரி திரும்புகிற வரைக்கும் காத்திருப்பாரே, அப்படி.

"வாலப் புடிச்சுக்கிட்டுத்தாங்க ஏறணும்" என்றார். "பனியில மனுசனுக்கு வழி தெரியாது. அதுக்குத் தெரியும். மேல போறப்ப குண்டு ஏத்திக்கிட்டுப் போவோம். எறங்கறப்ப ஆளுங்க. அடிபட்டவன உக்கார வெப்போம். செத்தவன்னா இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு, எட சரியா இருக்கணும். இல்லன்னா கழுதை சாயும்." சின்னராஜ் பக்கம் திரும்பினார். "சிவராஜையா இருந்தது வேற மலைங்க. நான் பாக்கல. ஆனா அவரயும் யாரோ ஒரு கழுதைக்காரன்தான் எறக்கியிருப்பான். அங்க மேல வெச்சு எரிக்க வெறகு கெடையாதுங்க."

சின்னராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் நின்ற சுவாதிக்கே சரியாகக் கேட்காத குரலில், "குளிருல... கவனமா எறக்குவாங்களா?" என்று கேட்டார்.

"கயிறு ரெண்டு சுத்து போடுவோங்க. மூஞ்சிக்குத் துணி கட்டுவோம். எம்புட்டு அவசரம்னாலும் அது கட்டாம எறக்க மாட்டோம்."

சின்னராஜ் தலையை ஆட்டினார். ஐம்பத்து நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கத் தெரியாமல் வைத்திருந்த கேள்வி அது. மேல்துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் சாந்தம்மா என்ன சொல்கிறாளோ அதுதான், அவள் கழுத்து விஷயம் என்றார்.

எல்லாரும் பால் கேன் பக்கம் திரும்பினார்கள். சாந்தம்மா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும், இந்தக் கயிறு, துணி, எடை எதையும் அவளிடம் அவர் சொன்னதில்லை. குளிர் ஜாஸ்தி. அவ்வளவுதான் சொல்லியிருந்தார். பால் கேன்களைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"பேரு இருக்கட்டுங்க" என்றாள். "ஆனா இவரு இருக்கற வரைக்கும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. பாலு ஒரு சொட்டு படக் கூடாது. இந்த ரெண்டும்தான்."

"மேல ஊத்தற பாலு கீழ வராம எங்கம்மா போவும்?" என்றார் ஆஞ்சப்பன்.

"அத நான் பாத்துக்கறேன். நீ உன் உரத்தப் பாரு."

கார்த்திகை முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வேடியப்பனுக்கு வலப்பக்கம் பத்தடி தள்ளிக் கல்லை நட்டார்கள். ஏரியில் பாதித் தண்ணீர் இருந்தது. கரைமேல் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். நாலு பெயர்கள் தங்கக் கலரில் பளிச்சென்று இருந்தன. ஐந்தாவது பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. சுவாதி நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். எந்த ஊர், எந்தச் சண்டை, எந்த வருஷம். ஐந்தாவதை வாசித்துவிட்டு, இவர் இங்கேயே இருக்கிறார் என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் வெங்கடப்பன் மகனுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பால் செம்புகள் வந்ததும் சாந்தம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். நாலாவது பெயருக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருந்த நாலு விரல் இடைவெளியில் இடது முன்கையைக் குறுக்காக வைத்துக் கல்லோடு அழுத்திக்கொண்டாள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை. பர்மாச் சண்டைக்குப் போன இரண்டு பேரின் வீட்டாரும், சீனச் சண்டைக்குப் போனவரின் மகளும் ஊற்றினார்கள். பால் பெயர்களைக் கடந்து வந்து அவள் கையில் மோதி, முழங்கைப் பக்கமாகத் திரும்பி மண்ணில் விழுந்தது. சின்னராஜ் அண்ணனுக்கு ஊற்றும்போது ஒரு செம்புப் பாலை மூன்று தடவையாக, நூல் பிடித்த மாதிரி ஊற்றினார். ஆஞ்சப்பன் ஊர் சார்பாக ஒரு குடத்தோடு வந்தார். அதையும் அப்படியே கவிழ்த்தார். சாந்தம்மா வலது கையையும் சேர்த்து வைத்து, கன்னத்தைக் கல்லோடு ஒட்டி, முகமெல்லாம் பாலாகக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அத்தனையையும் தாண்டி, மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கோடு மட்டும் நழுவி இறங்கியது. வெங்கடப்பனின் முதல் எழுத்துக்கு ஒரு விரல்கடை மேலே வருவதற்குள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். இன்னொருமுறை துடைத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

படையல் முடிந்து கரையிலேயே இலை போட்டார்கள். சாந்தம்மா முகத்தைக்கூடக் கழுவவில்லை. வெங்கடப்பனைப் பந்தியின் நடுவில், சின்னராஜுக்கு எதிர் இலையில் பிடித்து உட்கார வைத்து, சோறும் கோழிக் குழம்பும் தானே போட்டாள்.

"சாப்புடு. எல்லாரும் பாக்கட்டும்."

ஆனந்தராஜ், சுவாதி, பஸ்ஸை விட்டவர்கள், ஆஞ்சப்பன், எல்லாரும்தான் பார்த்தார்கள். வெங்கடப்பன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார். சாந்தம்மா உப்பு எடுக்கப் போனாள்.